அறுபடும் இணைப்புகளுக்கு ஒரு வலை

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. விடியற்காலை 4.43 மணிக்கு கனடாவின் ரொஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் வலையமைப்பின் மையத்தை மேம்படுத்தும் வேலையில் ஒரு மாற்றத்தைச் செய்தார்கள். விநியோக ரூட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி அப்போது நீக்கப்பட்டுவிட்டது. அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த வழித்தடத் தகவல்கள் மொத்தமும் மைய ரூட்டர்களின் மேல் பாய, அவை தாங்காமல் செயலிழந்தன. இரண்டு நிமிடத்தில் தொடங்கிய சரிவு 12 மில்லியனுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கைப்பேசியையும் இணையத்தையும் வீட்டுத் தொலைபேசியையும் கொண்டுபோனது. பற்று அட்டைக் கொடுப்பனவு வலையான இன்டராக் நாடு முழுவதும் படுத்துவிட்டதால் ரொறன்ரோக் கடைகளில் பற்று அட்டை செல்லவில்லை. ரொஜர்ஸ் சென்டரில் அன்றிரவு நடக்கவிருந்த த வீக்கெண்டின் இசை நிகழ்ச்சி தள்ளிப்போனது. போட்டி நிறுவனங்களான பெல், ரெலஸ் இணைப்பு வைத்திருந்தவர்கள் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று நடந்தவற்றில் மிகக் கொடியது அவசர அழைப்பு எண்ணான 911இன் முறிவு. தன் நிறுவனத்தின் அலை எட்டாத இடத்தில், கைப்பேசி வேறு எந்த நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடித்தாவது 911ஐ அழைக்கும். ஆனால் அன்று ரொஜர்ஸின் கோபுரங்கள் அணைந்திருக்கவில்லை. கோபுரங்களுக்குப் பின்னால் இருந்த மையம்தான் செத்திருந்தது. எனவே கைப்பேசிகள் உயிரோடிருந்த கோபுரத்தையே பிடித்துக்கொண்டு நின்றன. அடுத்த தெருவில் இருந்த பெல் கோபுரத்தைத் தேடவே இல்லை. ஆபத்தில் அழைத்த பலரின் குரல் எங்கும் போய்ச் சேரவில்லை. திருத்த வேண்டியவர்களும் அதே வலைக்குள்தான் சிக்கியிருந்தார்கள். பழுது பார்ப்பதற்கான பராமரிப்பு வலையும் அந்த மையத்தையே நம்பியிருந்தது. ஊழியர்கள் ஒருவரோடொருவர் பேசவும் ரொஜர்ஸ் இணைப்பையே நம்பியிருந்தார்கள். கனடியத் தொலைத்தொடர்பு ஆணையம் கேட்டு ஸோனா பார்ட்னர்ஸ் தயாரித்த அறிக்கையின்படி, மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணிநேரம் சென்றது.

தொடர்பு வசதி அரிதான அல்லது நம்ப முடியாத இடங்களில் கம்பியில்லா வலையை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு ஓர் ஆய்வுத்துறையே உண்டு. அதைப் படிப்பவர் மனதில் பாலைவனமும் மலைக்கிராமமும் போர்முனையும்தான் எழும். 2022க்குப் பிறகு ரொறன்ரோவையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் நூற்றாண்டாக இத்துறை கண்ட வெற்றி தோல்விகளைத் திரும்பிப் பார்த்தால், அவற்றைத் தீர்மானித்தது அலைவரிசையோ வழித்தேர்வுக் கணிதமோ அல்ல. சாதாரண நாளிலும் அந்த வலையை ஊர் பயன்படுத்தியதா, அறுந்தபோது அங்கேயே இருந்த ஒருவரால் அதைத் திருத்த முடிந்ததா என்ற இரண்டும்தான்.

வசதியின்மை ஒரே வகைப்பட்டதல்ல. வலை ஒருபோதும் வந்திராத இடம் ஒன்று. இருந்தும் அறுந்துபோகிற இடம் வேறு. 2003 ஆகஸ்ட் 14 பிற்பகல், ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. பழைய செப்புக்கம்பித் தொலைபேசிகள் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெறுவதால் தொடர்ந்து வேலை செய்தன. கைப்பேசிக் கோபுரங்களின் பற்றரிகள் சில மணிநேரத்தில் தீரத் தொடங்கின. 2013 டிசம்பரின் பனிப்புயலில் ரொறன்ரோ ஹைட்ரோவின் ஏறத்தாழ 3 இலட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். நத்தார் தாண்டியும் இருளில் இருந்த வீடுகள் உண்டு. இந்த இரண்டும் மின்சாரத்தால் வந்தவை. 2022இல் மின்சாரம் இருந்தது, கோபுரம் இருந்தது, கருவி இருந்தது. ஆனால் தொடர்பு இல்லை. ஒரே மையத்தில் எல்லாவற்றையும் கட்டியதால் வந்த வறுமை அது.

இணையத்தின் அடிப்படை விதிமுறையான டிசிபி மூன்று விஷயங்களைச் சந்தேகமின்றி நம்புகிறது: அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே இந்த நொடியில் முழு வழி திறந்திருக்கிறது, போய்வரும் நேரம் குறைவு, வழியில் தொலைவது கொஞ்சம். இவற்றில் ஒன்று பொய்த்தாலும் உரையாடல் முறிந்துவிடும். கோள்களுக்கிடையே இணையம் அமைக்க 1998இல் வின்ட் செர்ஃப் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகத்தாரோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்கியபோது மூன்றுமே பொய்த்தன. 2003இல் கெவின் ஃபால் அந்தச் சிந்தனையைப் பூமிக்கு இறக்கினார். வழி முழுவதும் திறக்கும்வரை காத்திராதே. இருக்கும் இடத்தில் செய்தியைப் பத்திரப்படுத்து, எவரேனும் அந்தப் பக்கம் போனால் கொடுத்தனுப்பு, அவர் அடுத்தவரிடம் கையளிக்கட்டும். தாமதம் தாங்கும் வலை என்று இதற்குப் பெயர் வந்தது. 2007இல் அதன் கட்டமைப்பும் பண்டில் விதிமுறையும் ஆவணமாயின. 2022இல் விதிமுறை புதுப்பிக்கப்பட்டது.

ஈழத்தமிழருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் வெளித்தொலைபேசியும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில், ரொறன்ரோவிலிருந்து எழுதிய கடிதம் கொழும்பில் ஒரு வீட்டில் தங்கும். வடக்கே போகிற ஒருவர் பையில் ஏறும். கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடக்கும். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு குடும்பச் செய்திகளைச் சுமந்தது. குரல் கேட்க வேண்டுமென்றால் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வந்து கொமியூனிகேஷன் கடையில் காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் தாமதமானாலும் செய்தி சேர்ந்தது. ஏனெனில் அந்த முறை தொடர்ச்சியான வழியை எதிர்பார்க்கவே இல்லை. தாமதத்தை ஏற்றுக்கொண்டால் அறுந்த நிலத்திலும் தொடர்பு சாத்தியம் என்பதை அந்த மக்கள் ஆய்வுத்தாள்களுக்கு முன்பே வாழ்ந்து காட்டியிருந்தார்கள்.

அதே எண்ணத்தை ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் 2004இல் ஜிங் சூ, எயால் டி லாரா முதலியோர் சோதித்தார்கள். சிறு கைக்கணினிகளை மாணவர் குழுக்களிடம் கொடுத்துப் பல வாரங்கள் சுமக்கவிட்டார்கள். யார் யாரை எப்போது நெருங்குகிறார்கள் என்பதைக் கருவிகள் பதிந்தன. கோபுரமே இல்லாமல், மனிதர்களின் நடமாட்டத்தையே வாகனமாக்கி, அவசரமில்லாத செய்திகளைக் கொண்டுசேர்க்க முடியுமா என்பது கேள்வி. இருவர் சந்திக்கும் தகவலை மட்டும் வைத்தே, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமலே, நல்ல வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நம்பிக்கையான பதில் கிடைத்தது.

வழித்தேர்வு முறைகள் இந்தக் காலத்தில் மளமளவென்று பெருகின. 2000இல் வஹ்தாத், பெக்கர் முன்வைத்த தொற்று முறையில் சந்திக்கும் எல்லாரிடமும் ஒரு பிரதி போகும்; சேர்வது கிட்டத்தட்ட உறுதி, ஆனால் நினைவகமும் பற்றரியும் கரையும். அண்டர்ஸ் லிண்ட்கிரனின் புரொஃபெட் முறை, முன்பு அடிக்கடி சந்தித்தவரே மீண்டும் சந்திப்பார் என்று கணக்குப் போடும். 2005இல் வந்த இன்னொரு முறை, குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிரதிகளை மட்டும் தூவிவிட்டுக் காத்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ஒரு கணித உண்மைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2000இல் பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் ஒரு கசப்பான முடிவை நிறுவினார்கள்: அசையாத கம்பியில்லாக் கருவிகள் ஒன்றின் வழியே ஒன்றாகச் செய்தி கடத்தினால், கருவிகள் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். அடுத்த ஆண்டே குரோஸ்கிளாஸரும் டேவிட் ட்சேயும் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: கருவிகள் நடமாடினால், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டால், அந்த வீழ்ச்சி நிகழ வேண்டியதில்லை. காத்திருக்கத் தயாரானவருக்கு நடமாட்டம் வரம்.

ரொறன்ரோவுக்கு மேற்கே வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் எஸ். கேசவ் இதை மண்ணில் இறக்கினார். கியோஸ்க்நெட் என்ற அந்தத் திட்டத்தில் கிராமத்துக் கணினிக் கடைக்கும் நகரத்து இணையத்துக்கும் நடுவே பேருந்துதான் கம்பி. பேருந்தில் ஒரு சிறு கணினி இருக்கும், ஊரைக் கடக்கும்போது வைஃபை வழியாக விண்ணப்பங்களை ஏற்றிக்கொள்ளும், நகரத்தில் இறக்கும், மறுபயணத்தில் பதிலோடு வரும். 2006இல் ஆந்திராவில் விசாகப்பட்டினம் மாவட்டத்து ஆனந்தபுரத்தில் இதைப் பரீட்சித்தார்கள். கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுரத்தில் டாக்நெட் என்ற திட்டம் இதற்கு முன்பே பேருந்தையும், கம்போடியாவில் மோட்டார் சைக்கிளையும் இப்படிப் பயன்படுத்தியிருந்தது. இரண்டும் பரவவில்லை. கைப்பேசிக் கோபுரங்கள் எவரும் எதிர்பாராத வேகத்தில் இந்தியக் கிராமங்களுக்குப் போய்விட்டன. கேசவின் மாணவர்களில் ஒருவரான ஆதிதேஷ்வர் சேத் பின்னர் தில்லியில் கிராம் வாணியைத் தொடங்கி, சாதாரணக் கைப்பேசியின் குரல்வழியே கிராமத்துச் செய்திகளைச் சுற்றவிட்டார். அந்தத் திருப்பம் தோல்வியல்ல என்பேன். ஊரில் ஏற்கனவே கையில் இருக்கும் கருவியின் மேல் கட்டுவதே சரி என்று அவர் கண்டுகொண்டார்.

மெஷ் வலைகள் வேறொரு கிளை. ஒவ்வொரு கூரையிலும் உள்ள கருவி அடுத்த கூரைக்குச் செய்தியைக் கடத்தும். நடுவில் நிறுவனம் இல்லை. 2016இல் தொடங்கிய ரொறன்ரோ மெஷ் என்ற தன்னார்வக் குழு ராஸ்பெரி பை போன்ற மலிவான கணினிகளால் இதைச் செய்துபார்த்தது. நகரமெங்கும் வலை விரியவில்லை. வீட்டில் வேகமான இணையம் இருக்கும் ஒருவரைக் கூரையேறி ஏரியல் கட்டவைப்பது கடினம். கைப்பேசிகளையே மெஷ் ஆக்கும் செயலிகள் வேறு விதமாக இடறின. 2014இல் ஹொங்கொங் போராட்டக்காரர்கள் ஃபயர்சாட்டைப் பெருமளவில் இறக்கிக்கொண்டார்கள். அந்தச் செயலி இன்று இல்லை. 2019இல் அதே நகரில் பிரிட்ஜ்ஃபை பரவியது. அடுத்த ஆண்டு லண்டன் ரோயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதில் செய்திகளைப் படிக்கவும் பயனரைப் பின்தொடரவும் முடியும் என்று நிரூபித்தார்கள். அந்நியர் கைவழியே செய்தி கடத்துகிற வலையில் இரகசியம் என்பது முதலிலேயே கட்டப்பட வேண்டிய அத்திவாரம். உயிராபத்தில் இருப்பவருக்கு அரைகுறைப் பாதுகாப்பைக் கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமலிருப்பது நல்லது.

இத்துறையின் மிகச் சிறந்த பாடங்கள் தமிழ்நாட்டில் கிடைத்தன என்று நான் கருதுகிறேன். 2001இல் சென்னை ஐஐடியின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினரின் கார்டெக்ட் கருவியைக் கொண்டு மேலூர்ப் பகுதியில் சாரி திட்டம் கிராம இணைய மையங்களை அமைத்தது. கோபுரமும் கருவியும் வேலை செய்தன. ஆனாலும் சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. மையம் நடத்தியவர் கடனோடு நின்றார். கருவி பழுதானால் ஆள் வரத் தாமதமாகும். அரசு அலுவலகங்களுடனான சேவை, அக்கறையுள்ள அதிகாரி மாற்றலாகிப் போனதும் ஓய்ந்தது. வலை சரியாக இருந்தும் அதைச் சுற்றியிருந்த எல்லாம் தளர்ந்தன.

தேனியில் நடந்தது வேறு. அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சந்தையில் கிடைக்கும் வைஃபை கருவிகளால் கிராமக் கண்பரிசோதனை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தன. வைஃபை வீட்டுக்குள் இருக்கப் பிறந்தது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் உடனடியாகப் பெற்றுக்கொண்டேன் என்ற பதிலை எதிர்பார்க்கும். பல கிலோமீட்டர் தூரத்தில் அலை போய்வரும் நேரத்துக்குள் பொறுமையிழந்து, தொலைந்ததென்று நினைத்து மீண்டும் அனுப்பும். ரபின் பாத்ரா, லட்சுமிநாராயணன் சுப்ரமணியன், எரிக் புரூவர் குழு அந்த விதியை மாற்றி, நேரத்தைப் பங்குபோட்டு அனுப்பும் முறையையும், பல சட்டகங்களுக்கு ஒரே பதில் தரும் முறையையும் கொண்டுவந்தது. கிராமத்து மையத்தில் அமர்ந்த நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். பேருந்துக் காசும் ஒருநாள் கூலியும் மிச்சமாயின.

ஆனால் அந்தக் குழு 2008இல் வெளியிட்ட தாள்தான் எனக்கு இத்துறையின் மிக நேர்மையான ஆவணம். பரீட்சார்த்தம் முடிந்த பிறகு வலைகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பது அதன் பொருள். கருவிகளைக் கெடுத்தது அலையல்ல, மின்சாரம். கம்பியில் திடீரென ஏறும் அழுத்தம் பலகைகளை எரித்தது. அழுத்தம் குறைந்தபோது ரூட்டர் பாதியில் தொங்கி நின்றது. பற்றரிகள் ஆழமாக வடிந்து செத்தன. தூரத்திலிருந்து பார்க்கும் பொறியாளருக்கு எல்லாம் ஒரேமாதிரித் தெரிந்தன: இணைப்பு இல்லை. ஆகவே அவர்கள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிகளைச் சேர்த்தார்கள். முதன்மை இணைப்பு அறுந்தாலும் உள்ளே எட்டிப்பார்க்க இன்னொரு வழி வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரவிந்தின் சொந்த ஊழியர்களுக்குப் பழுது கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்துப் பொறுப்பைக் கையளித்தார்கள். முதன்மை வழி போனாலும் உள்ளே நுழைய இரண்டாவது வழி வேண்டும் என்ற அந்த விதியைத் தேனியின் சிறு வலை கடைப்பிடித்தது. 2022 ஜூலையில் கனடாவின் பெருநிறுவனத்திடம் அது இருக்கவில்லை.

கடலில் நிலைமை இன்னும் கடுமை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற குமரி மாவட்டக் கிராமங்களின் ஆழ்கடல் மீனவர்கள் கைப்பேசி எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் நின்றது. ஆட்கள் கடலில் மாண்டார்கள். 2019இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாகப் புயல் செய்தியைப் படகுக்குத் தந்தது. ஆனால் படகிலிருந்து ஒரு சொல்லும் திரும்பி வராது. ஒருவழி எச்சரிக்கை உயிர் காக்கும், மறுக்கவில்லை. கவிழ்கிற படகிலிருப்பவருக்கோ பேச வேண்டும். இருவழிச் செய்தி தரும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு இலட்சம் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் 2024இல்தான் தொடங்கியது. கேரளத்து அமிர்தா பல்கலைக்கழகத்தார் படகிலிருந்து படகுக்கு நீள்தூர வைஃபையைக் கடத்தும் ஓஷன்நெட்டை முயன்றிருக்கிறார்கள்.

ஒன்ராறியோவின் வடக்குக்கு வருவோம். சாலை இல்லாத, குளிர்காலத்தில் மட்டும் பனிப்பாதை திறக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் பெருநிறுவனங்கள் போகவில்லை, வாடிக்கையாளர் போதாது. கீவேட்டினுக் ஒகிமாகனாக் என்ற பழங்குடி மன்றம் 1990களிலிருந்தே கே-நெட் என்ற தன் வலையைத் தானே கட்டியது. ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள ஃபோர்ட் செவர்ன் வரை செயற்கைக்கோள் இணைப்புப் போனது. கியூபெக், மனிற்றோபா பழங்குடி அமைப்புகளோடு செயற்கைக்கோள் அலைவரிசையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தொலைமருத்துவமும் இணையப் பள்ளியும் அதன் மேல் நடந்தன. தங்களுக்கெனக் கைப்பேசிச் சேவையும் அமைத்தார்கள். மெக்சிக்கோவின் வஹாக்கா மலைகளில் 2013 முதல் தலேயா கிராமத்தார் தங்கள் சொந்தக் கைப்பேசிக் கோபுரத்தை ஓட்டியதும் இதே குணம்.

இதற்கு நேரெதிரான பாடமும் ஒன்ராறியோவிலேயே உண்டு. 2024 நவம்பரில் மாகாண அரசு ஸ்டார்லிங்கோடு 100 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. தொலைவிலுள்ள 15,000 வீடுகளுக்கும் தொழில்களுக்கும் இணையம் தருவதாகத் திட்டம். 2025இல் அமெரிக்கச் சுங்கவரிச் சண்டையில் அதே அரசு அதை இரத்துச் செய்தது. கோபம் நியாயமாக இருக்கலாம். காத்திருந்த வீடுகளின் இணைப்பு இரு அரசுகளின் சண்டையில் தொங்கியது என்பதுதான் என்னை உறுத்துகிறது. தாழ்வட்டச் செயற்கைக்கோள் தொழில்நுட்பமாக அற்புதம். திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்பதை அது மாற்றவில்லை.

ரொறன்ரோ தன் பாடத்தை ஓரளவு படித்திருக்கிறது. 2022 செப்டம்பரில் பெருநிறுவனங்கள், ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் 911ஐயும் அவசர ரோமிங்கையும் தாங்குவதென உடன்பட்டன. கம்பி மையத்தையும் கம்பியில்லா மையத்தையும் பிரிப்பதாக ரொஜர்ஸ் அறிவித்தது. சப்வேயில் கைப்பேசிச் சேவை வந்த கதை மெதுவானது. 2012இல் நகரப் போக்குவரத்து அமைப்பான ரி.ரி.சி. ஒப்பந்தம் கொடுத்தும், பல ஆண்டுகள் ஒரேயொரு சிறிய நிறுவனம்தான் அங்கே சேவை தந்தது. மற்றவர் வாடிக்கையாளர் சுரங்கத்தில் 911ஐக்கூட அழைக்க முடியாத நகரமாக இருந்தோம். 2023இல் ரொஜர்ஸ் அந்த வலையை வாங்கிய பின், ரயில்களிலும் நிலையங்களிலும் நடந்த வன்முறைகளால் எழுந்த அழுத்தத்தில், மத்திய அரசு உரிம நிபந்தனை போட்டு எல்லா நிறுவனங்களையும் உள்ளே கொண்டுவந்தது. சுரங்கம் முழுவதும் சேவை தர 2026 இறுதி கெடு.

இவை எல்லாம் நிறுவனங்களுக்கிடையேயான ஏற்பாடுகள். நகர மக்களின் கையில் இருக்க வேண்டிய வலை இன்னும் இல்லை. அதற்கு முழு இணையம் வேண்டாம். 2020இலிருந்து பரவும் மெஷ்டாஸ்டிக் போன்ற லோரா கருவிகள் உரிமம் தேவையில்லாத அலைவரிசையில், சிறு பற்றரியில், சில கிலோமீட்டருக்குச் சிறு எழுத்துச் செய்திகளைக் கடத்துகின்றன. ரொறன்ரோப் பொதுநூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன; ஸ்காபரோவிலும் ரெக்ஸ்டேலிலும் தமிழ் முதியவர்களும் பிள்ளைகளும் தினமும் போகிற இடங்கள் அவை. ஒவ்வொரு கிளையின் கூரையிலும் ஒரு கருவி, கீழே ஒரு நல்ல பற்றரி, இரண்டு நூலக ஊழியருக்குப் பயிற்சி. மாதம் ஒருநாள் வழக்கமான இணையத்தை மூடிவைத்து, கிளைகளுக்கிடையே அறிவித்தல்களை அந்த வழியாகவே அனுப்பிப் பார்க்கலாம். எந்தக் கிளையின் பற்றரி இறங்கியிருக்கிறது, எந்தக் கூரையின் ஏரியல் சாய்ந்திருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். அந்த வாரமே திருத்திவிடலாம்.